எதிர் சைட்டுக் கீச்சான்

அம்மா கூப்பிட்ட குரலிலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது. "டேய், கொஞ்சம் வாசலுக்கு வா. யாரோ என்னமோ வெச்சிருக்காங்க."

2018 நவம்பர். பெங்களூரில் ராமமூர்த்தி நகரைத் தாண்டி கல்கெரே ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் இந்த லேஅவுட்டுக்கு நாங்கள் குடிவந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன காகிதப்பூக் கொடி மதில் முழுக்கப் படர்ந்திருந்தது. அதன் முள் ஒன்றில் விரல் நீள ஓணான் குட்டி கழுத்தில் குத்தப்பட்டுத் தொங்கியது. தலை இல்லை. ஒரு முழம் தள்ளி இன்னொரு முள்ளில் பச்சை வெட்டுக்கிளி. அதற்கு ஒரு கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா செய்வினை என்றே முடிவு கட்டிவிட்டார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். நான் துடைப்பக் குச்சியால் இரண்டையும் தட்டி விட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நாலு நாளில் மறுபடியும் ஒரு பூரான். அப்புறம் ஒரு சுண்டெலிக் குட்டி. நடுவில் அமாவாசை வேறு வந்து தொலைத்தது. சொந்த ஊரில் யார் யாருக்கு எங்கள் மேல் பொறாமை என்று அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

எங்களை மீட்டது மூன்றாவது வீட்டுப் பெரியவர். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடியதும் மகனோடு இங்கே வந்துவிட்டார். பால் பாக்கெட்டோடு போய்க்கொண்டிருந்தவர் நின்று, எலிக் குட்டியைப் பார்த்துச் சிரித்தார். "செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. இது கீச்சான் வேலை. சுரங்கக் கழிவு கொட்டின சயனைடு மேட்டுப் பக்கம் முள்ளுல பூரா மாட்டி வெச்சிருக்கும், பார்த்ததில்லையா?" என்று எதிர் சைட்டின், அதாவது எதிரே காலியாகக் கிடந்த வீட்டுமனையின், முள்கம்பியைக் காட்டினார். கல்தூணுக்குப் பக்கத்தில், கம்பியின் மேல் சின்னக் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. தவிட்டு நிறம், கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை.

இதுவா? மைனா அளவுகூட இல்லையே!

அந்தச் சந்தேகத்தில் தொடங்கியதுதான். இத்தனை வருடமாக மொட்டைமாடியில் காலைக் காபியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. நான் பறவை ஆராய்ச்சியாளன் கிடையாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரே ஜன்னல், ஒரே சைட், ஒரே பறவை என்று பார்த்ததில் கிடைத்ததை எழுதுகிறேன். அதில் பாதி என் தப்புகள்.

முதல் தப்பு, ஆள் அடையாளம். பெரியவர் காட்டியது பழுப்புக் கீச்சான். அதுதான் ஓணான் குட்டியைக் குத்தியது என்று மாதக்கணக்கில் எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஏப்ரலில் அது போய்விட்டது. மே மாதம் மறுபடி கொடியில் ஒரு வெட்டுக்கிளி குத்தியிருந்தது! அப்போதுதான் சைட்டில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு வகை என்று உறைத்தது. ஒன்று குளிருக்கு வந்துபோகும் விருந்தாளி. இன்னொன்று வருடம் முழுக்க இங்கேயே குடும்பம் நடத்தும் நீள்வால் கீச்சான், செம்முதுகுக் கீச்சான் என்றும் சொல்வார்கள்.

பிரித்துப் பார்ப்பது பழகினால் சுலபம். பழுப்புக் கீச்சானுக்கு உச்சந்தலையிலிருந்து வால் வரை ஒரே பழுப்பு. கறுப்புப் பட்டைக்கு மேலே புருவம்போல வெள்ளைக் கோடு. இளசாக இருந்தால் நெஞ்சிலும் விலாவிலும் செதில் செதிலாகக் கோடுகள் தெரியும். நீள்வாலுக்குத் தலையும் தோளும் சாம்பல், கீழ்முதுகும் விலாவும் துருச் சிவப்பு, வால் கறுத்து நீண்டிருக்கும். உட்காரும்போதே அந்த வால்தான் முதலில் கண்ணில் படும். மூன்றாவதாக இன்னும் சின்னதாக ஒன்று உண்டு, கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சான். அதை எங்கள் தெருவில் நான் பார்த்ததே இல்லை. ஹெசரகட்டாவில், 1894-இல் கட்டிய அந்தப் பழைய ஏரியை ஒட்டிய புல்வெளிக்குப் போனபோதுதான் கிடைத்தது. பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று வெள்ளை அடிக்கும். இதற்கெல்லாம் பெரிய கேமரா வேண்டாம். 8-க்கு 42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளது, ஒன்று போதும். நான் முதலில் வாங்கியது பொம்மைக் கடை ரகம், அதில் பார்த்தால் எல்லாப் பறவையும் தவிட்டுக்குருவிதான்.

விருந்தாளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைபீரியா, மங்கோலியா, வட சீனா என்று ஆசியாவின் வடக்கில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஆகஸ்ட், செப்டம்பரில் நம் நாட்டுக்கு வந்து ஏப்ரலில் திரும்புகிறது. கோழிமுட்டையைவிட எடை குறைவான உடம்பு அது. பெரிய ஏரி, காடு எதையும் அது தேடவில்லை. சைக்கிள் டயரும் கட்டட இடிபாடும் ஆமணக்கும் சீமைக்கருவேலமும் கலந்துகிடக்கும் நாற்பதுக்கு அறுபது சைட் இரண்டு சேர்ந்தாற்போல் இருந்தால் போதும், குளிர்காலம் முழுக்க அங்கேயே காலம் தள்ளிவிடும்.

வந்த முதல் வாரம்தான் அது அதிகம் கத்தும். அதை விட்டால் பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். "கர்ர்ர்... சக் சக் சக்" என்று, தேங்காய்த் துருவி ஓட்டில் பட்டுச் சுரண்டும் சத்தம். அம்மாதான் அந்த உவமையைச் சொன்னார். குரல் இனிமையாக இல்லையே என்று கேட்காதீர்கள். அது பாட்டுக் கச்சேரி நடத்தவில்லை, பட்டா போடுகிறது. முந்தி வந்து இடம் பிடித்ததற்கு நல்ல இடம், பிந்தி வந்ததற்கு மிச்சம். ஒரு செப்டம்பரில் இரண்டு பழுப்புக் கீச்சான்கள் இதே முள்கம்பியின் இரு முனைகளில் உட்கார்ந்து மூன்று நாள் விடாமல் சண்டை போட்டன. நாலாம் நாள் ஒன்றுதான் இருந்தது. ஏப்ரல் வரை வேறு எந்தப் பழுப்புக் கீச்சானையும் அது உள்ளே விடவில்லை. ஆகவே பார்க்க நினைப்பவர்கள் செப்டம்பர் நடுவிலிருந்து காலை ஆறரைக்குக் காதைத் திறந்து வையுங்கள். என் நோட்டில் முதல் குரல் கேட்ட நாட்கள்: 2020-இல் செப்டம்பர் 16, 2021-இல் 19, 2022-இல் 13, 2023-இல் 17. எங்கள் காஸ் சிலிண்டர்கூட இவ்வளவு நேரம் தவறாமல் வந்ததில்லை.

வருவது அதே பறவைதானா? குளிருக்குப் போன இடத்துக்கே வருடா வருடம் திரும்பிவரும் பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு. ஆனால் எங்கள் விருந்தாளியின் காலில் வளையம் இல்லை, நான் சத்தியம் செய்ய முடியாது. அம்மா செய்வார். "அதே திமிர்" என்பது அவர் அத்தாட்சி.

இனி கொலையைப் பற்றி. ஒரு பிப்ரவரி காலை, ஏழே கால் இருக்கும். நீள்வால் கீச்சான் கல்தூணின் உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வால் இரண்டு முறை பக்கவாட்டில் ஆடியது. இந்த வாலாட்டலைக் கண்டால் காபியைக் கீழே வைத்துவிடுவேன், ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். சட்டென்று தரைக்கு இறங்கியது. திரும்பி எழும்போது வாயில் ஓணான் குட்டி. சிமென்ட் ஓட்டின் மேல் வைத்து, பிடரியைக் கவ்வி, அதை உதறிய வேகத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மங்கல் மட்டுமே. இந்த உதறலை அமெரிக்கக் கீச்சான் ஒன்றில் படம்பிடித்து அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். விநாடிக்கு 11 முறை என்ற வேகத்தில் சுழற்றி, புவியீர்ப்பைப்போல் 6 மடங்கு முடுக்கத்தை இரையின் உடம்புக்குக் கொடுக்கிறதாம். கழுத்தெலும்பு தாங்குமா?

அப்புறம்தான் நான் பார்க்கக் காத்திருந்த பகுதி. ஓணானைத் தூக்கிக்கொண்டு எங்கள் காகிதப்பூக் கொடிக்கே வந்தது. என்னிடமிருந்து பத்தடி தூரம். ஒரு முள்ளின் மேல் வைத்துத் தன் பக்கம் இழுத்தது. வழுக்கிவிட்டது. மறுபடி வைத்து இழுத்தது. மூன்றாவது முறை முள் தோலில் ஏறியது. உடம்பையே பின்னால் சாய்த்து, கயிறு இழுக்கும் பையன்போல இழுத்து முள்ளை முழுக்க ஏற்றியது. அப்புறம் தலைப் பக்கமிருந்து கிழித்துத் தின்றது. பாதியில் நிறுத்தி, அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சத்துக்குச் சாயந்திரம் நாலரைக்கு வந்தது.

அன்றைக்குத்தான் இந்தக் குத்தி வைக்கிற வேலையின் காரணம் எனக்குப் புரிந்தது. வல்லூறுக்கு நகம் இருக்கிறது, இரையை மிதித்துக்கொண்டு கிழிக்கும். கீச்சானுக்கு அலகு மட்டும்தான் வேட்டைப் பறவையுடையது. நுனி கொக்கிபோல வளைந்து, அதன் இரு பக்கமும் ராஜாளிக்கு இருப்பதுபோலப் பல் மாதிரி ஒரு முனை. கால் சாதாரணக் குருவிக் கால், காக்கை குருவி வம்சம்தான் இதுவும். அந்தக் காலால் ஒரு ஓணானை அழுத்திப் பிடிக்க முடியாது. முள்தான் அதற்குக் கை. பசி அடங்கினால் அதே முள் அலமாரி. லத்தீனில் இதன் பேரினப் பெயர் லானியஸ், கசாப்புக்காரர் என்று பொருள். பழுப்புக் கீச்சானுக்கு 1758-இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு உயிரியல் அறிஞர் வைத்த முழுப் பெயரில் 'கொண்டையுள்ள' என்று வேறு வருகிறது. இத்தனை வருடமும் தேடிவிட்டேன், கொண்டை இல்லை.

குளிர் விருந்தாளி முள்ளில் குத்தி நான் இரண்டே முறைதான் பார்த்தேன். பெரும்பாலும் வண்டு, தட்டான், விட்டில், மழை விட்ட மாலையில் ஈசல் என்று பிடித்த இடத்திலேயே விழுங்கிவிடும். ஜீரணமாகாத இறக்கை, ஓடு எல்லாவற்றையும் சின்ன உருண்டையாகக் கக்கும். கல்தூணின் அடியில் தேடினால் கிடைக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு ஊசியால் பிரித்தால் நேற்று என்ன மெனு என்று தெரிந்துவிடும். என் மகள் இதற்காகவே ஒரு பழைய இட்லித் தட்டை எடுத்துவைத்திருக்கிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

என் மற்ற தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் கொடியிலிருந்து இரையைத் தட்டித் தட்டி விட்டேன் அல்லவா, அது ஒரு ஜீவனின் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டிய கதை. அம்மாவுக்கு விஷயம் விளங்கிய பிறகு, வாசல் பக்கக் கிளைகளை மட்டும் வெட்டிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டோம். பறவையும் இடம் மாற்றிக்கொண்டது, அம்மாவும் கோலம் போட முடிந்தது. இன்னொன்று, போட்டோ ஆசையில் கிட்டே கிட்டேப் போனது. கீச்சான் மனிதனைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடாது. அடுத்த கம்பத்துக்குப் போய் உட்காரும். பரவாயில்லை என்று நினைத்து நாமும் அடுத்த கம்பத்துக்குப் போவோம். இப்படி ஒரு காலையில் நான் ஆறு முறை கிளப்பிவிட்டேன். ஏழாவது முறை அது திரும்பவில்லை, அதன் தூணில் கரிச்சான் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறேன். காரை அது ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும். வேண்டாமே.

ஒரு மார்ச்சில் பழுப்புக் கீச்சான் வால் குட்டையாக, முதுகு இறகு கலைந்து பரிதாபமாக உட்கார்ந்திருந்தது. நோய் என்று பதறி, யாரிடம் பிடித்துக் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்தான், "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி புதுச் சட்டை தெச்சுக்குது, விடு தம்பி" என்றார். ஊர் திரும்பும் முன் இறகு மாற்றுகிறது என்பது சரிதான். ஏப்ரல் முதல் வாரம் அது புது மாப்பிள்ளைபோல இருந்தது. பத்து நாளில் கம்பி காலி.

பெரிய தப்பு 2022 ஜனவரியில். சைட்டில் சாரைப்பாம்பைக் கண்டதாகப் பேச்சு. குடியிருப்போர் சங்கத்தில் புதர்களை அகற்றச் சொல்லி ஒரு மனு சுற்றுக்கு வந்தது. கிடைத்த பேனாவால் நானும் கையெழுத்துப் போட்டேன், யோசிக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை ஜேசிபி வந்து ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வழித்தது. ஆமணக்கு, கருவேலம், முள்கம்பி, கல்தூண் எல்லாம். மறுநாள் காலை சைட் சுடுமண் நிறத்தில் கிடந்தது. அதில் நாலைந்து கொக்குகள் புழு பொறுக்கின. நாலு நாள் கீச்சான் சத்தமே இல்லை. அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. செய்வினை என்று பயந்தவர் அவர்தான்!

ஐந்தாம் நாள் ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாயின் ஓரம், பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் தூண் கம்பியில் பழுப்புக் கீச்சானைக் கண்டேன். கீழே கோரையும் உண்ணிச்செடியும் மிச்சம் இருந்தன. குளிர்காலத்தின் நடுவில் இடம் போனால் பக்கத்து இடங்களெல்லாம் ஏற்கெனவே வேறொன்றின் ஆட்சியில் இருக்கும். அது எத்தனை சண்டை போட்டு அந்த மூலையைப் பிடித்ததோ.

அடுத்த வருடம் மனு வருவதற்கு முன்பே நான் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். பறவை, இயற்கை என்று பேசினால் எடுபடாது என்று தெரியும். எலி என்று ஆரம்பித்தேன். புதரை மொத்தமாக எடுத்த பிறகுதான் வீடுகளுக்குள் எலி வந்தது, எல்லோருக்கும் நினைவிருந்தது. முன்பக்கம் குப்பையை அள்ளுவது, பின்மதிலை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குச் செடிகளைத் தொடாமல் விடுவது, வெட்டுவதானால் மே மாதத்தில் வேண்டாம் என்பது, இவ்வளவுதான் கேட்டேன். நீள்வால் அப்போது கூடு கட்டியிருக்கும். பூச்சி மருந்துப் புகையையும் எலி விஷத்தையும் நிறுத்தச் சொன்னதற்கு மட்டும் இன்றுவரை தலையாட்டல்தான், காரியம் இல்லை. மற்றது நடந்தது. மழைக்குப் பிறகு ஆமணக்கு தானாக முளைத்தது. நான் மதிலோரம் நாலு காய்ந்த கருவேலங்கிளைகளை நட்டு வைத்தேன்.

தைவானின் தென்முனையில், ஹெங்சுன் பக்கம், தெற்கே போகும் வழியில் கூட்டமாக இறங்கும் இதே பழுப்புக் கீச்சான்களை மூங்கில் பொறி வைத்துப் பிடித்து, குச்சியில் செருகிச் சுட்டு விற்ற காலம் ஒன்று இருந்ததாம். குத்துகிறவனையே குத்தியிருக்கிறார்கள். இப்போது அங்கே அதைச் சட்டம் காக்கிறது. நம் ஊரில் யாரும் அதைச் சுட்டுத் தின்னவில்லை, சைட்டைத்தான் சதுர அடிக்கு விற்கிறோம்.

எதிர் சைட்டும் விற்றுப்போனது. போன வருடம் செப்டம்பரில் அஸ்திவாரம் முடிந்து தூண்கள் எழும்பியிருந்தன. 15-ஆம் தேதி காலை சமையலறையிலிருந்து அம்மா கத்தினார், "டேய், தேங்காய்த் துருவி வந்துடுச்சு!" ஓடிப்போய்ப் பார்த்தால், தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் நுனியில் உட்கார்ந்து சைட்டுக்குப் பட்டா போட்டுக்கொண்டிருந்தது.

கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்த திருவண்ணாமலைக்காரர் என்னை அண்ணாந்து பார்த்தார். "என்ன சார், தினம் எங்களையே பாக்குறீங்க?" பைனாகுலரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். வெகுநேரம் பார்த்தார். "அட, கீச்சாங்குருவி! எங்க மல்லாட்டைக் காட்டுல உக்காந்திருக்கும் சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த வாரம் ரூஃப் போட்டுருவோமே, அப்புறம் இது எங்க உக்காரும்?" என்றார்.

அவர் கொடுத்த சவுக்குக் கம்பை எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி, உச்சியில் ஒரு முள்கிளையையும் செருகினோம். இரண்டு நாள் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அதில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. கீச்சான் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில் இருந்தபடி அதைத் திட்டிக்கொண்டிருந்தது.